நான் மறுகற்பனை செய்த சுமைதாங்கி

கொல்லிமலை ஏறும் பாதையில், ஒரு வளைவில் நின்ற சுமைதாங்கியின் மேற்கல்லைப் பெயர்த்தெடுத்துப் பள்ளிக்கூடத்து வாசலில் மேடை கட்டினேன். அது, வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண்ணுக்காக அவள் புருஷன் நட்ட கல். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அந்த மலையில் வேறு யாரையும்விட எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இந்தக் காரியத்துக்கு எனக்குத் துணை நின்றது ஒரு சொல். அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் அதே சரக்கை வேறு வேறு பெயரில் மேடை போட்டு விற்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது.

திருச்சியில் கல்லூரியில் படித்தபோது ஓர் ஆங்கிலக் கட்டுரையில் அந்தச் சொல்லைக் கண்டேன். இருக்கிற ஒரு பொருளை, அது இன்னதற்குத்தான் என்ற பழக்கத்தை உதறிவிட்டு, முதன்முதலாகப் பார்ப்பவன்போல் பார்த்து, அது வேறென்னவாக ஆகலாம் என்று எண்ணிச் செய்வது. இதுதான் பொருள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குத் தமிழில் நானே 'மறுகற்பனை' என்று ஒரு சொல் செய்துகொண்டேன். செய்துகொண்ட நாளிலிருந்து எனக்கு நிலை கொள்ளவில்லை. சொற்போர் மன்றத்தில் எந்தத் தலைப்பு கொடுத்தாலும் அதை மறுகற்பனை செய்ய வேண்டும் என்றுதான் முடிப்பேன். எங்கள் தமிழாசிரியர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "கற்பனையே இல்லாதவன் மறுகற்பனை செய்யப் புறப்பட்டானாம். முதல் சோற்றுக்கே வழியில்லை, மறுசோறு கேட்கிறான்" என்றார். வகுப்பே சிரித்தது. அவருக்குப் பழைய புத்தி என்று நான் நினைத்துக்கொண்டேன். எதையாவது புரிந்துகொள்ள முடியாதவர்களுக்கெல்லாம் பழைய புத்தி என்று பெயர் வைப்பது அந்த வயதில் சுலபம்.

விடுமுறைக்கு மலையடிவாரத்தில் உள்ள எங்கள் ஊருக்கு வந்தபோது சொல்லை வீட்டில் பரீட்சை பார்த்தேன். அப்பாவின் கயிற்றுக் கட்டிலைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, குறுக்கே பலகைகள் கட்டிப் புத்தக அலமாரி ஆக்கினேன். கட்டில் என்பது படுக்கத்தான் என்று யார் சொன்னது? அப்பா காட்டிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏஞ் சாமி, பொஸ்தகத்துக்குக் கட்டலு குடுத்துட்ட. நான் எங்க படுக்கட்டும்?"

அம்மா சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள். "பரண்ல ஏறிப் படுத்துக்கோங்க. பொஸ்தகம் இருந்த எடம் அங்க காலியாத்தான கெடக்குது."

அப்பா அன்றைக்குத் தரையில்தான் படுத்தார். மறுநாளும் தரையில்தான். மகன் படித்தவன் என்று அவருக்கு ஒரு மயக்கம் இருந்தது. கட்டிலைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் அதை என் சொல்லுக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டேன். அடுத்தவன் வாயைத் திறக்காமல் இருப்பதை ஒப்புதல் என்று எண்ணும் பழக்கம் எனக்கு அங்கே தொடங்கியது.

படிப்பு முடிந்ததும், மலைக்குடிகளை உயர்த்துவதற்காக டவுனில் நடந்துவந்த ஒரு சங்கத்தில் சேர்ந்தேன். அதன் உறுப்பினர்களில் பலர் மலையை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள். ஏறிப்போய் வாழ ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் அடிவாரத்துக்காரன், பட்டம் வாங்கியவன், பேசத் தெரிந்தவன். மலைமேல் குண்டனி நாடு என்ற பகுதியில் ஓர் ஊரில் புல் வேய்ந்த கொட்டகை ஒன்றில் என்னை வாத்தியாராக உட்கார வைத்தார்கள்.

அப்போது மேலே போக ரோடு கிடையாது. கால்நடைப் பாதைதான். கீழிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் தலையில் ஏறும். மேலிருந்து பலாப்பழமும் வாழைத்தாரும் சாமை மூட்டையும் தலையில் இறங்கும். தலைச்சுமைக்காரனுக்கு ஒரு சங்கடம் உண்டு. சுமையை ஏற்றி விடவும் இறக்கி விடவும் இன்னொரு கை வேண்டும். தனியாக நடப்பவன் பாதி வழியில் கழுத்து நோகிறதென்று கீழே போட்டால், மறுபடி ஏற்றிக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் சமவெளிப் பாதைகளில் சுமைதாங்கி நடுவார்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு கால்கல், அவற்றின்மேல் படுக்கையாக ஒரு பலகைக்கல். தலையில் இருக்கிற சுமையை அப்படியே பக்கவாட்டில் தள்ளினால் கல்லில் உட்கார்ந்துகொள்ளும். இளைப்பாறிவிட்டு மறுபடி தலையைக் கொடுத்தால் ஏறிக்கொள்ளும். யார் உதவியும் வேண்டாம்.

மலைமேல் அந்த வழக்கம் இருக்கவில்லை. அதை அங்கே கொண்டுபோனவன் நான்தான். வாயால் கொண்டுபோனேன்.

அந்த ஊரில் என்னைவிடச் சற்று மூத்த ஒருவன் இருந்தான். கேலிப்பேச்சுக்காரன். சந்தைக்குப் போய்வரும்போதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டு, "வாத்தியாரே, இன்னிக்கு எத்தன புள்ளைங்கள தூங்க வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் மனைவிக்கு முதல் பிரசவம். வலி கண்டு, விடிந்தும் பிள்ளை இறங்கவில்லை. மூங்கிலில் சேலையைத் தூளியாகக் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதியிறக்கத்தில் ஒரு வளைவில் தூளி அசைவற்றுப் போயிற்று. தூக்கியவர்கள் இறக்கிப் பார்த்தார்கள். திரும்ப மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதன்பின் அவன் கேலி பேசவில்லை. சில மாதம் கழித்து ஒரு சந்தை நாளில், காளப்பநாயக்கன்பட்டிக்கு வெளியே என்னை வழியில் நிறுத்தினான். அங்கே புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கி. மஞ்சள் தடவி, பொட்டு வைத்திருந்தது.

"இதுக்கு எதுக்குங்க மஞ்சளு? கல்லு சொமை தூக்கறதுக்குத்தானுங்களே?"

நான் சொன்னேன். வயிற்றில் பிள்ளையோடு இறந்தவள் சுமையை இறக்காமலே போய்விட்டவள். அதனால் அவள் பெயரில் இப்படி ஒரு கல் நடுவார்கள். போகிறவர் வருகிறவர் தங்கள் சுமையை அதில் இறக்கும்போதெல்லாம் அவள் சுமையும் இறங்குகிறதென்று நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற குரலில்தான் சொன்னேன். யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பு பாதியில்தான் வந்தது.

அவன் அந்தக் கல்லைக் கையால் தொட்டுப் பார்த்தான். "இத்தன நாளு அவ தூக்கிக்கிட்டேதான் நிக்கறாளுங்களா?" என்று கேட்டான்.

மலையில் நல்ல பாறை தேடி, அண்ணன் தம்பிகளைக் கூட்டிவந்து, தூளி நின்ற அதே வளைவில் அவன் ஒரு சுமைதாங்கி நட்டான். ஊரார் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒருவன் இறக்கிப் பார்த்தான், சுகமாக இருந்தது. அப்புறம் எல்லாரும் அங்கேதான் இளைப்பாறினார்கள். அவன் தினமும் அந்தப் பக்கம் ஒருமுறையாவது போய், எத்தனை பேர் இறக்கினார்கள் என்று கேட்டுவிட்டு வருவான். பழையபடி தண்ணீர் குடிக்க வரவும் ஆரம்பித்தான். நான் சங்கத்துக் கூட்டத்தில் இதைப் பெருமையாகச் சொன்னேன். மலைக்குடிகளுக்கு ஒரு நல்ல வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தேனாம்.

மறு வருஷம் சங்கத் தலைவர் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். டவுனில் பெரிய வக்கீல் அவர். அவர் நின்று பேச ஒரு மேடை வேண்டும். கொட்டகை வாசல் முழுவதும் மேடு பள்ளம். கட்ட சிமென்ட்டும் கீழ்நாட்டிலிருந்து இரண்டு கொத்தர்களும் வந்துவிட்டார்கள்; மேலே பாவ நீளமான ஒரு கல்தான் கிடைக்கவில்லை. பாறை உடைக்க நாளும் இல்லை. அப்போதுதான் என் சொல் எனக்கு ஞாபகம் வந்தது. சுமைதாங்கி சுமை தாங்கத்தான் என்று யார் சொன்னது?

எப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மலையில் இது பரம்பரை வழக்கமில்லை என்றேன். கல்லில் பெயர் எழுதவில்லை என்றேன். இந்த யோசனையே நான் கொடுத்ததுதானே, கொடுத்தவன் மாற்றிக் கொடுக்கக்கூடாதா என்றேன். இதுதான் எல்லாவற்றிலும் கேவலமானது. ஒருவனுக்கு ஓர் அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவன் அதன்மேல் தன் வாழ்க்கையைச் சாய்த்து வைத்தபின், அர்த்தம் என்னுடையது, எடுத்துக்கொண்டு போகிறேன் என்பது.

கொத்தரில் மூத்தவர் கல்லைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார்.

"ஏனுங்க, இது சொமதாங்கியாச்சுங்களே. இதுல கைய வெக்கலாமுங்களா?"

அவருக்கு மறுகற்பனையை விளக்கினேன். மூட்டை சுமந்த கல் இனி அறிவைச் சுமக்கும், அது கல்லுக்கே உயர்வு என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தானுங்க சொல்றீங்க. எனக்குத்தான் மண்டைல ஏற மாட்டேங்குது. பாவம் எதுனா இருந்தா அது படிச்சவங்களச் சேரட்டும். கூலி எங்களச் சேரட்டும். டேய், கடப்பாரைய எடு."

மேற்கல்லை மட்டும் எடுத்தோம். கால்கற்கள் இரண்டும் அப்படியே நின்றன.

கல்லை நட்டவன் அன்று சாயங்காலமே வந்துவிட்டான். கத்துவான், அடிக்கக்கூட வருவான் என்று எண்ணி, நான் வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் மேடையைச் சுற்றிவந்து கல்லைப் பார்த்தான். கீழ்ப்பக்கம் சிமென்ட் இன்னும் ஈரமாக இருந்தது.

"வாத்தியாரே, கல்லு வேணும்னா சொல்லியிருந்தா வேற ஒண்ணு ஒடச்சுக் குடுத்திருப்பேனுங்களே."

"நாள் இல்லப்பா. நாளன்னிக்குத் தலைவர் வர்றார். இந்தக் கல்லை யாரும் வீணாக்கல. இன்னும் பெரிய காரியத்துக்கு ஆகுது. உன் கல்லு மேல நின்னு ஒரு பெரிய மனுஷர் பேசப்போறார். ஒரு பொருளுக்கு ஒரே அர்த்தந்தானா? புதுசா நினைச்சுப் பாரு."

அவன் உண்மையாகவே நினைத்துப் பார்த்தான். அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு நான் சொன்னதை நினைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"செரிங்க. அப்ப அவ எங்கீங்க எறக்கி வெப்பா?"

தலைவர் போனதும் கல்லைத் திருப்பி வைத்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சரிங்க என்று போனான்.

தலைவர் டோலியில் வந்து இறங்கினார். நாலு பேர் தூக்கி வந்தார்கள், அவருக்கு வியர்த்திருந்தது. பூட்ஸோடு மேடையேறினார். நான் வரவேற்புரையில், "நேற்று மூட்டையைத் தாங்கிய கல் இன்று கல்வியைத் தாங்குகிறது" என்றேன். எல்லாரும் கைதட்ட வேண்டும் என்று முன்னமே சொல்லி வைத்திருந்ததால் எல்லாரும் தட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் அவனும் நின்று தட்டினான். தட்டச் சொல்லியிருந்தோம், தட்டினான்.

மறுகற்பனை என்று நான் பேச்சை முடித்த சொல் தலைவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதன் அர்த்தத்தை என்னிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். டவுனுக்குத் திரும்பும்போது அதைக் கையோடு எடுத்துப் போனார். அதன்பின் சங்கத்தில் அது பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளைகளுக்கு மத்தியானம் ஊற்றிவந்த கஞ்சியை மறுகற்பனை செய்தார்கள், அதாவது நிறுத்தினார்கள். மழைக்கு ஒழுகிய கூரையை மறுகற்பனை செய்தார்கள். அதாவது வேயவில்லை, திறந்தவெளிக் கல்வி என்றார்கள். எங்கெங்கே ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்ததோ அங்கெல்லாம் அந்தச் சொல் போய் நின்றது. எங்கேயாவது ஒன்றைக் கொடுக்கும்போது அது பயன்பட்டதாக எனக்கு நினைவில்லை. அகராதியில் அதற்கு என்ன பொருள் போட்டிருந்தாலும் சரி, வழக்கில் அதன் பொருள் இதுதான்: உன்னிடம் இருப்பதை எடுத்துக்கொள்கிறேன், அதற்காக நீ சந்தோஷப்பட வேண்டும்.

கல்லை நான் திருப்பி வைக்கவில்லை. மேடை தலைவருக்குப் பிடித்திருக்கிறதே, எப்படி இடிப்பது? அவன் இரண்டு முறை வந்து கேட்டான். முதல் முறை மழை முடியட்டும் என்றேன். இரண்டாம் முறை, தலைவரைக் கேட்க வேண்டும் என்றேன். மூன்றாம் முறை அவன் வரவில்லை. தண்ணீர் குடிக்கவும் வரவில்லை.

அங்கே வளைவில் இரண்டு கால்கற்கள் மட்டும் நின்றன. வயிற்றுப் பிள்ளைக்காரி பெயரில் நட்டு, அரையும் குறையுமாக விட்ட கல் என்று பேச்சு பரவியது. சுமைக்காரர்கள் அந்த வழியை விட்டுவிட்டு, சுற்றுவழியான இன்னொரு பாதையில் போகத் தொடங்கினார்கள். எனக்கு இதெல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்துச் சாமான் சுமந்து வருகிறவன்தான் முதலில் சொன்னான். நான் அதை மூடநம்பிக்கை என்று சொல்லி ஒரு கட்டுரைகூட எழுத நினைத்தேன்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள், நான் சாமான் வாங்க இறங்கியிருந்தபோது, அந்தச் சுமைக்காரன் அடிவாரத்திலேயே நின்றுவிட்டான்.

"அந்த வழீல நான் வரலீங்க. ரெண்டு காலு மட்டும் நிக்குதுங்க, தல இல்லாத முண்டமாட்ட. சுத்துவழீல நாளைக்குக் கொண்டாறேன்."

"நாளைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் இல்லையா? வெளக்கும் பலகையும் இன்னிக்கே வேணும்."

"அப்ப நீங்களே தூக்கிக்கோங்க. ஏத்தி உடறேன், வாங்க."

வீம்புக்குத் தலையைக் கொடுத்தேன். கூடையில் உப்பு, சிலேட்டுப் பலகைகள், எல்லாவற்றுக்கும் மேல் அரிக்கன் விளக்குக்குக் கண்ணாடிச் சிமினி. ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே அவன் போய்விட்டான். பாதி ஏற்றத்துக்குள் கழுத்து எலும்பு உள்ளே இறங்குவது போல இருந்தது. கீழே வைக்க முடியாது. கண்ணாடி போய்விடும், வைத்தாலும் தனியாக ஏற்றிக்கொள்ள முடியாது. வளைவு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். வளைவு வந்தது. அப்போதுதான் அங்கே இறக்கி வைக்க எதுவும் இல்லை என்பது உறைத்தது. சுமைக்காரன் சொன்னதையும் என் கைவேலையையும் கழுத்து நோவில் மறந்துவிட்டு ஏறியிருக்கிறேன்.

கால்கற்களுக்கு நடுவில், அவற்றை நட்டவன் நின்றான். தலையில் சந்தையில் வாங்கிய உப்பு மூட்டை. கண்ணை மூடியிருந்தான். என் மூச்சுச் சத்தம் கேட்டுத் திறந்தான்.

"வாத்தியாரா? நீங்களே தூக்கியாந்துட்டீங்களா?"

"கொஞ்சம் கை குடுப்பா. இறக்கணும்."

"எப்பிடீங்க? என்ற தலைலயும் இருக்குதே."

இரண்டு பேர் தலையிலும் சுமை. ஒருவருக்கொருவர் கை கொடுக்க முடியாது. அவன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னுடையதை இறக்கினால், மறுபடி நான் ஏற்றிவிட வேண்டும். எனக்கு அந்தப் பலம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எதிரெதிரே நின்றுகொண்டோம்.

"நீ ஏன் இங்க நிக்கற? எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்களே."

"அதனாலதானுங்க. ஆருமே வர மாட்டேங்கறாங்க. அவ ஒத்தைல நிப்பா. போறப்ப வாறப்ப நான் ஒருத்தனாச்சும் வந்து கூட நிக்கறேன்."

"சுமையோடவா?"

"அவளும் சொமையோடதானுங்களே நிக்கறா."

அவன் என்னைக் குத்திப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கழுத்த நேரா வெய்யுங்க. குனிஞ்சா இன்னம் நோகும். என்ற பின்னாலயே வாங்க, மெதுவாப் போலாம்" என்று முன்னால் நடந்தான். ஊர் எல்லையில் ஒரு கிழவி எதிரே வந்து எங்கள் இருவர் சுமைக்கும் கை கொடுத்தாள். "ஏங் கண்ணு, மொகமெல்லாம் செவந்து போச்சு. படிச்ச தலை, உப்புக்குத் தாங்குமா?" என்றாள்.

மறுநாளே மேடையை இடித்தேன். தலைவரைக் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் பூசிய சிமென்ட், நான் அவ்வளவு பெருமைப்பட்ட அந்தச் சிமென்ட், கல்லை விடவில்லை. ஊர் ஆட்கள் நெம்பினார்கள், தட்டினார்கள். கடைசியில் கடப்பாரையை ஆழமாகக் கொடுத்தபோது கல் இரண்டாக உடைந்தது. அவன் அப்போது அங்கே இருந்தான். கல்லின் உடைந்த பக்கத்தைத் தடவிவிட்டு, "வெடிச்சிருச்சு" என்றான்.

நான் சும்மா இருக்கவில்லை. பரிகாரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதில் இறங்கினேன். அடிவாரத்தில் கல் உடைப்பவர்களிடம் நல்ல நீளத்தில், பிளவில்லாமல், உளியால் பொளிந்த கல் ஒன்று சொல்லி வாங்கினேன். ஆட்கள் மூங்கிலில் கட்டித் தூக்கி ஏற்றினார்கள். நானும் ஒரு முனையில் தோள் கொடுத்தேன், பெரும்பாலும் அவர்களுக்கு இடைஞ்சலாக. பழைய கால்கற்களின்மேலேயே அதை ஏற்றினோம். ஊர்க்கவுண்டர் வந்தார், கூட்டம் வந்தது. மஞ்சள் தடவ வேண்டும் என்று அவனை அழைத்தேன்.

அவன் கிட்டே வரவில்லை.

"ஆரு பேருக்குங்க இது?"

"இதென்ன கேள்வி? உன் வீட்டுக்காரி பேருக்குத்தான்."

"அவ பேருக்கு நாந்தானுங்களே வெக்கோணும். நீங்க வெச்சா அது உங்க கல்லு. நல்ல கல்லுங்க. எல்லாரும் எறக்கட்டும்."

ஊர்க்கவுண்டர் அவனை அதட்டினார். "ஏண்டா, வாத்தியாரு தோள் குடுத்துக் கொண்டாந்திருக்காரு. கல்லுல என்னடா ஒங்கல்லு எங்கல்லு?"

"அதட்டாதீங்க மாமா. நான் வேண்டாம்னு சொல்லலீங்களே" என்றுவிட்டுப் போனான்.

அன்றே உடைந்த துண்டுகளில் பெரியதைப் பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து புரட்டிக்கொண்டு போனான். கால்கற்களுக்கு இடையே எட்டாத நீளம் அது. புதிய கல்லுக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு சிறு கற்களைக் கொடுத்து அதன்மேல் கிடத்தினான். இடுப்பளவுகூட இல்லை. அதற்குத்தான் மஞ்சள் தடவினான்.

சுமைக்காரர்கள் பழைய பாதைக்குத் திரும்பினார்கள். உயரமான என் கல்லில் இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். வசதியான கல் என்று என்னிடமே சொன்னார்கள். அந்த வகையில் பரிகாரம் பலித்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். சங்கத்துக்கு மேடை இடிந்த செய்தி போயிற்று. பள்ளிக்கூடத்தை மறுகற்பனை செய்வதாகத் தீர்மானம் போட்டார்கள். வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடமாக அது ஆயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை. என் சொல் என்னை வந்து கடித்ததற்கு நான் எப்படி வருத்தப்படுவேன்? பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம், அதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இதை வேறு எங்கோ ஒரு சபையில் சொன்னபோது ஒரு பேராசிரியர், "உண்மையான மறுகற்பனையைச் செய்தவர் அந்த மலைக்காரர்தான், உடைந்த கல்லை எப்படிப் புதிதாகப் பார்த்தார் பாருங்கள்" என்று கண்கலங்கினார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. அவனுக்கு உடைந்த கல்லைப் புதிதாகப் பார்க்கும் ஆசை ஒன்றும் இல்லை. முழுக் கல்தான் வேண்டியிருந்தது. அதை நான் உடைத்துவிட்டேன்.

சுதந்திரத்துக்குச் சில வருஷம் முன்னால், சண்டைக்கால அரிசித் தட்டுப்பாட்டின்போது, சாமை கிடைக்குமா என்று பார்க்க ஒருமுறை மலையேறினேன். கை வீசிக்கொண்டு போனேன். வளைவில் அவன் நின்றான். தலையில் பெரிய பலாப்பழக் கூடை. முடி நரைத்திருந்தது. என் கல் அவன் தோளுக்குப் பக்கத்தில், காலியாக, கூடையைத் தள்ளினால் ஏறிக்கொள்ளும் தூரத்தில் இருந்தது. அவன் குட்டைக் கல்லின் முன்னால் நின்றிருந்தான்.

"வாத்தியாருங்களா? வாங்க. ஒரு கை புடிங்க."

இருவருமாகக் கூடையைக் குட்டைக் கல்லில் இறக்கினோம். அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். ஊரில் மழை, பிள்ளைகள், யானை என்று எதையெதையோ பேசினோம். மறுபடி கல்யாணம் செய்துகொண்டிருந்தான், இரண்டு பெண்கள்.

"இது இவ்வளவு தாழ்வா இருக்கே. தனியா வந்தா எப்படி இறக்குவே?" என்று கேட்டேன்.

"ஒத்தைல முடியாதுங்க. ஆராச்சும் வர்ற வரைக்கும் நிப்பேன்."

நேரமாகிறது என்று எழுந்தான். நான் கூடையை ஏற்றிவிட்டேன். கழுத்தை நேராக வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். அன்றைக்கு வந்த ஆள் நான். மற்ற நாட்களில் எவ்வளவு நேரம் நின்றான், யார் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.